குவாண்டம் ஹால் விளைவு: சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பாடாங் செராயில் நான் நடத்தும் சனிக்கிழமை இயற்பியல் வகுப்புக்கு ஆறாம் படிவ மாணவர்கள் மட்டுமல்லாமல், கூலிமிலும் பாயான் லெப்பாஸிலும் சில்லுத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் இளையோரும் வருகிறார்கள். பாடத்தில் ஹால் விளைவு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் குவாண்டம் ஹால் விளைவைப் பற்றிக் கேட்பார். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே ஐயத்தோடு வருவார். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, என்னால் இயன்றவரை விடை தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

ஹால் விளைவே எனக்குச் சரியா விளங்கல சார். முதல்ல அதைச் சொல்லுங்க.

மெல்லிய உலோகத் தகடு ஒன்றின் நீளவாக்கில் மின்னோட்டத்தைச் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தால், ஓடும் மின்னூட்டங்கள் ஒரு பக்கமாக ஒதுக்கப்படுகின்றன. அவை அந்த ஓரத்தில் சேரச் சேர, இரண்டு ஓரங்களுக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் எழுகிறது. அது காந்த விசையைச் சரிக்கட்டும் அளவுக்கு வளர்ந்ததும், பின்னால் வருபவை நேராக ஓடத் தொடங்குகின்றன. 1879-இல் எட்வின் ஹால், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, மெல்லிய தங்கத் தகட்டில் இந்தக் குறுக்கு மின்னழுத்தத்தை அளந்தார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதோ 1897-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவருடைய அளவீட்டின் அருமை தெரியும்.

குறுக்கு மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது ஹால் மின்தடை. அது காந்தப்புலத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னூட்டங்களின் அடர்த்திக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். ஆகவே ஒரு குறைக்கடத்தியில் எத்தனை எலக்ட்ரான்கள் ஓடுகின்றன, ஓடுபவை எலக்ட்ரான்களா துளைகளா (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், நேர்மின்னூட்டம் போல ஓடுபவை) என்பதை அறிய இன்றும் இதுவே கைவந்த வழி. மின்மோட்டாரின் சுழற்சியை உணரும் சிறு உணரிகளும் இதே விளைவால்தான் வேலை செய்கின்றன.

அப்புறம் 'குவாண்டம்'ங்கிற சொல் ஏன் முன்னால வந்து ஒட்டிக்கிச்சு?

பாடநூல் சொல்வதன்படி, காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஹால் மின்தடை நேர்கோடாக ஏற வேண்டும். ஆனால் எலக்ட்ரான்கள் ஒரு மிக மெல்லிய படலத்துக்குள் அடைபட்டு, வெப்பநிலை தனிச் சுழிக்கு (−273 °C) மேலே ஓரிரு கெல்வின் அளவில் இருந்து, புலமும் பல டெஸ்லா வலுவோடு இருந்தால், அந்தக் கோடு படிக்கட்டாக மாறிவிடுகிறது. படிகளின் உயரம் 25,812.807 ஓம் என்ற எண்ணை 1, 2, 3, 4 என்ற முழு எண்களால் வகுத்தால் வருபவை: 12,906.404 ஓம், 8,604.269 ஓம், 6,453.202 ஓம் என்று அவை இறங்குகின்றன. ஒவ்வொரு படியின் சமதளத்திலும், மின்னோட்டத்தின் திசையிலான நெடுக்கு மின்தடை ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துபோகிறது.

அந்த 25,812.807 ஓம் எங்கிருந்து வருகிறது என்றால், குவாண்டம் விதிகளின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இருமடியால் வகுத்தால் வருகிறது. அதில் சிலிக்கானின் பெயரும் இல்லை, தகட்டின் நீள அகலமும் இல்லை.

யார் கண்டுபிடிச்சது? கணக்குப் போட்டு எதிர்பார்த்த விஷயம்தானே?

பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள வல்காந்தப்புல ஆய்வகத்தில், 1980 பிப்ரவரி 4-ஆம் நாள் இரவிலிருந்து 5-ஆம் நாள் விடியலுக்குள், ஜெர்மானியரான கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங் இதைக் கண்டார். மாதிரிகளைத் தந்த கெர்ஹார்ட் டோர்டா, மைக்கேல் பெப்பர் ஆகியோரோடு சேர்ந்து அதே ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். அதன் முதன்மை அளவீடு 1.5 கெல்வின் வெப்பநிலையிலும் 18 டெஸ்லா புலத்திலும் செய்யப்பட்டது. 1985-இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குத் தனியாக வழங்கப்பட்டது.

எதிர்பார்த்ததா என்றால், பாதி உண்மை. ஜப்பானியரான சுனேயா ஆண்டோவும் அவருடைய சகாக்களும் 1975-இலேயே, தோராயமான ஒரு கணக்கில், இத்தகைய மதிப்புகள் வரக்கூடும் என்று காட்டியிருந்தார்கள். ஆனால் மாசும் கரடுமுரடும் நிறைந்த ஒரு டிரான்சிஸ்டரில் அந்த மதிப்பு பல இலக்கங்கள் வரை பிசகாமல் வரும் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. கண்டுபிடிப்பு என்று நாம் கொண்டாடுவது அந்தத் துல்லியத்தைத்தான்.

டிரான்சிஸ்டர்னா, எங்க பேக்டரியில சோதிக்கிற சில்லுக்குள்ள இருக்கிற அதே சாமானா?

அமைப்பு அதேதான். சிலிக்கானின் மேல் ஆக்சைடு படலம், அதன் மேல் வாயில் மின்முனை. வாயிலுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் சிலிக்கானும் ஆக்சைடும் சந்திக்கும் எல்லையில் எலக்ட்ரான்கள் திரள்கின்றன. அவை அந்த எல்லையை ஒட்டிச் சில நானோமீட்டர் தடிப்புக்குள் அடைபட்டிருப்பதால், முன்பின்னும் இடவலமும் நகர முடிகிறது. மேலும் கீழும் நகர முடிவதில்லை. இதைத்தான் இருபரிமாண எலக்ட்ரான் படலம் என்கிறோம்.

வேறு ஆய்வாளர்கள் காலியம் ஆர்சனைடின் மேல் அலுமினியம் காலியம் ஆர்சனைடை அணு அடுக்கு அணு அடுக்காக வளர்த்தார்கள். எலக்ட்ரானைத் தரும் மாசு அணுக்களை எலக்ட்ரான் ஓடும் பாதையிலிருந்து தள்ளி வேறொரு அடுக்கில் வைப்பது இதிலுள்ள நுட்பம். எலக்ட்ரான் எவ்வளவு தடையின்றி ஓடுகிறது என்பதைக் குறிக்கும் நகர்திறன், 2021-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு வளர்த்த படிகத்தில், வழக்கமான அலகில் 4.4 கோடியை எட்டியது. சாதாரணச் சிலிக்கான் டிரான்சிஸ்டரில் அது சில நூறு அளவில் இருக்கும்.

லாண்டாவ் மட்டம்னு புத்தகத்துல போட்டிருக்கு. எளிமையா சொல்ல முடியுமா?

காந்தப்புலத்தில் எலக்ட்ரான் வட்டமாகச் சுழல்கிறது. குவாண்டம் விதிப்படி அந்தச் சுழற்சிக்கு எந்த ஆற்றல் வேண்டுமானாலும் இருக்க முடியாது; சம இடைவெளியிலுள்ள சில ஆற்றல்கள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. அவைதான் லாண்டாவ் மட்டங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை எலக்ட்ரானுக்கு இடம் உண்டு என்பதைக் காந்தப்புலம் மட்டுமே முடிவு செய்கிறது: 10 டெஸ்லாவில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 24,000 கோடி இருக்கைகள். புலத்தை இரட்டித்தால் இருக்கைகளும் இரட்டிக்கும். பேருந்தில் ஏறும் ஆள் எண்ணிக்கை மாறாமல், பேருந்து மட்டும் நீண்டுகொண்டே போவதாக எண்ணிக்கொள்ளலாம்.

எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை ஒரு மட்டத்தின் இருக்கை எண்ணிக்கையால் வகுத்தால் வருவது நிரப்பு எண். அது சரியாக 1, 2, 3 என்று முழு எண்ணாக இருக்கும்போது ஹால் மின்தடையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: மேலே புலம் இருக்கிறது, கீழே எலக்ட்ரான் அடர்த்தி இருக்கிறது, அந்த அடர்த்தியும் புலத்தின் மடங்காகவே இருக்கிறது. புலம் மேலும் கீழும் அடிபட்டுப்போய், பிளாங்க் மாறிலியும் மின்னூட்டமும் முழு எண்ணும் மட்டுமே மிஞ்சுகின்றன. இந்த இரண்டு வரிக் கணக்கை ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது தம் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அப்படின்னா ஒரே ஒரு புலத்துல மட்டும்தானே மட்டம் சரியா நிரம்பும்? படி ஏன் அவ்வளவு அகலமா இருக்கு?

இந்த முழுப் பொருளின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். மேற்கண்ட கணக்கு ஒரு புள்ளியை மட்டுமே தருகிறது. அந்தப் புள்ளிக்கு இருபுறமும் புலத்தை மாற்றினாலும் மின்தடை ஏன் அசையாமல் நிற்கிறது என்பதை அது சொல்லவில்லை. விடை, நாம் குறை என்று ஒதுக்கும் மாசுகளில் இருக்கிறது. மாசு அணுக்களும் பரப்பின் கரடுமுரடும் எலக்ட்ரானுக்கு மேடுபள்ளமான நிலமாகத் தோன்றுகின்றன. வலிய காந்தப்புலத்தில் எலக்ட்ரான் மிகச் சிறு வட்டமாகச் சுழல, அந்த வட்டத்தின் நடுப்புள்ளி மெல்ல நகர்கிறது. அது மேட்டில் ஏறுவதும் இல்லை, பள்ளத்தில் இறங்குவதும் இல்லை, ஒரே உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது.

குன்றுகளில் அமைந்த ரப்பர் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சரிவில் ஒரே உயரத்தில் மேடை வெட்டி, அதன் மேல் மரங்களை நிரையாக நட்டிருப்பார்கள். பால்மரம் வெட்டிய என் தந்தையின் நிரை அப்படி ஒரு தனிக்குன்றில் இருந்தது. ஒரு மேடையை விட்டு ஏறாமலும் இறங்காமலும் வெட்டிக்கொண்டே போனால், குன்றைச் சுற்றித் தொடங்கிய மரத்துக்கே வந்து நிற்பார். அவர் எவ்வளவு நடந்தாலும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர மாட்டார். எலக்ட்ரான்களும் அப்படியே: உயர்ந்த ஆற்றலுள்ளவை மேடுகளைச் சுற்றுகின்றன, தாழ்ந்தவை பள்ளங்களின் விளிம்பைச் சுற்றுகின்றன, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே படலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பாதை திறந்திருக்கிறது.

புலத்தை மாற்றும்போது நாம் நிரப்புவதும் காலியாக்குவதும் பெரும்பாலும் இந்தச் சுற்றுப்பாதைகளைத்தான். அவை மின்னோட்டத்தைச் சுமப்பதில்லை. ஆகவே மின்தடையும் மாறுவதில்லை. இதுதான் படியின் அகலம். நிரப்பும் அளவு அந்த நடு உயரத்தைக் கடக்கும்போது மட்டும் மின்தடை அடுத்த படிக்குத் தாவுகிறது.

சுத்திக்கிட்டே இருக்கிற எலக்ட்ரான் மின்னோட்டத்தைச் சுமக்காதுன்னா, மின்னோட்டம் குறைஞ்சிருக்கணுமே சார்? கணக்கு எப்படிச் சரியா வருது?

நியாயமான ஐயம், நானும் நெடுநாள் இதில் தடுமாறியிருக்கிறேன். ரிச்சர்ட் பிராஞ்சு 1981-இல் ஒற்றை மாசு அணுவை வைத்துக் கணக்கிட்டு, அதில் அகப்பட்ட எலக்ட்ரான் தராமல் போன மின்னோட்டத்தை, அதைக் கடந்து போகும் மற்ற எலக்ட்ரான்கள் சற்று வேகமாக ஓடி மிகச் சரியாக ஈடு செய்கின்றன என்று காட்டினார்.

எத்தனை மாசு இருந்தாலும் இது ஏன் நடந்தாக வேண்டும் என்பதை அதே 1981-இல் ராபர்ட் லாஃப்லின் விளக்கினார். படலத்தை ஒரு வளையமாக வளைத்து, அதன் நடுத்துளை வழியாகக் காந்தப்பாயத்தை (துளையை ஊடுருவும் மொத்தக் காந்தப்புல அளவை) மெதுவாக ஏற்றுவதாக எண்ணுங்கள். அது ஒரு குவாண்டம் அளவை (பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்தால் வரும் அளவை) எட்டியதும், வளையத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் நிலைமை தொடக்கத்தில் இருந்ததைப் போலவே ஆகிவிடுகிறது. இடையில் ஏதாவது மாறியிருக்க முடியும் என்றால், ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குச் சில எலக்ட்ரான்கள் கடந்திருக்கலாம், அவ்வளவே. எலக்ட்ரான் பாதியாகக் கடக்காது; எனவே அந்த எண்ணிக்கை முழு எண்ணாகவே இருக்கும்.

இடவியல், இடவியல்னு சொல்றாங்களே, அது இதுல எங்க வருது?

ஒரு பொருளை இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் கணிதம்தான் இடவியல். 1982-இல் டேவிட் தவ்லெஸும் அவருடைய மூன்று சகாக்களும், அந்த முழு எண் எலக்ட்ரான் அலைகளின் ஒருவகை முறுக்கு எண்ணிக்கை என்று நிறுவினார்கள். மரத்தைச் சுற்றிய மாட்டுக் கயிற்றின் இரு நுனிகளையும் சேர்த்து முடிந்துவிட்டால், கயிறு தொய்ந்தாலும் இறுகினாலும், மரம் கோணலாக இருந்தாலும், அது மரத்தை எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்ற எண்ணிக்கை மாறாது. கயிற்றை அறுத்தால்தான் மாறும். மாசு கயிற்றைத் தொய்ய வைக்கிறது, எண்ணிக்கையைத் தொடுவதில்லை. கயிற்றை அறுப்பது என்பது இங்கே மட்டங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி மூடிக்கொள்வது. தவ்லெஸ் 2016-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, பரிசுக்குக் காரணமான பணிகளில் இதுவும் ஒன்று.

அப்போ மாசு கூடக் கூட நல்லதா? இல்ல, ரொம்பச் சுத்தமா செஞ்சா இன்னும் நல்லா வருமா?

இரண்டு எல்லையும் ஆகாது. மாசு மிகுந்துவிட்டால், எலக்ட்ரான் ஒரு சுற்றை முடிப்பதற்குள் மோதிச் சிதறி, லாண்டாவ் மட்டங்களே குழம்பிப்போகும். மாசே இல்லாவிட்டால், சுற்றுப்பாதைகள் இல்லாமல் படியின் அகலம் சுருங்கிவிடும். மின்தடை அளவுகோலாகப் பயன்படும் மாதிரிகள் நடுத்தரமான தூய்மை உள்ளவை. உலகிலேயே தூய்மையான படிகத்தை அதற்கு எவரும் எடுப்பதில்லை. மிகத் தூய படிகம் தேவைப்படும் இடம் வேறு. அதைப் பின்ன எண்களைப் பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

மின்னோட்டம் உண்மையில எங்க ஓடுது, ஓரத்திலயா உள்ளயா?

ஓரத்தில் சுழலும் எலக்ட்ரான் சுவரில் மோதி முழு வட்டத்தை முடிக்க முடியாமல், தாவித் தாவி ஒரே திசையில் நகர்கிறது. பெர்ட்ராண்ட் ஹால்பெரின் 1982-இல் இந்த விளிம்பு நிலைகளை விளக்கினார். ஒரு விளிம்பில் போகும் பாதை மட்டுமே உண்டு. திரும்பும் பாதை எதிர் விளிம்பில் இருக்கிறது. மாசில் மோதினாலும் எலக்ட்ரான் திரும்பிச் செல்ல வழி இல்லாததால்தான் நெடுக்கு மின்தடை மறைகிறது.

பல விளக்கங்கள் இதோடு நின்றுவிடுவதால், மின்னோட்டம் முழுவதும் ஓரத்தில்தான் ஓடுகிறது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஃபான் கிளிட்சிங்கின் ஸ்டுட்கார்ட் குழு மெல்லிய ஊசிமுனையால் படலத்துக்குள் மின்னழுத்தத்தை வருடிப் பார்த்தபோது, படியின் ஒரு முனையில் மின்னோட்டம் ஓரங்களை ஒட்டியும், மறுமுனையை நெருங்கும்போது உட்பகுதியில் பரவியும் ஓடுவது தெரிந்தது. இரண்டு நிலையிலும் ஹால் மின்தடை ஒன்றுதான்.

தடையே இல்லைன்னா இது மீகடத்திதானே?

இல்லை. மீகடத்தியில் எலக்ட்ரான்கள் இணை சேர்ந்து, காந்தப்புலத்தை வெளியே தள்ளுகின்றன. இங்கே வலிய புலம் படலத்தை ஊடுருவி நிற்கிறது. மின்னோட்டம் நுழையும் மூலையிலும் வெளியேறும் மூலையிலும் வெப்பம் வெளிப்படுகிறது. இரண்டே முனைகளை வைத்து அளந்தால், முதல் படியில் முழு 25,812.807 ஓமும் காட்டும்.

சரி, இதனால நமக்கு என்ன பயன்?

ஓம் என்ற அலகே இன்று இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு கம்பிச் சுருளை அளவுகோலாக வைத்தால் அது ஆண்டுகள் போகப் போக மெல்ல மாறும். ஒவ்வொரு நாடும் தன் சுருளை வேறொரு நாட்டின் சுருளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1990 முதல், 25,812.807 ஓம் என்ற உடன்பாட்டு மதிப்பை உலக ஆய்வகங்கள் பயன்படுத்தின. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரான் மின்னூட்டமும் பிழையற்ற எண்களாக நிலைநிறுத்தப்பட்டதால், இந்த மின்தடையும் பிழையற்ற எண்ணாகிவிட்டது.

காலியம் ஆர்சனைடையும் கிராஃபீனையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, இரண்டும் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போயின. ஒன்று பல்லடுக்குப் படிகம், மற்றது ஓரணுத் தடிப்புள்ள கரித்தாள். தொழிற்சாலையில் நீங்கள் பிடிக்கும் மின்தடைமானியின் அளவுத்திருத்தச் சான்றிதழைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து போனால், அலகின் வரையறை முடியும் இடம் இதுதான்.

அறை வெப்பநிலையில செய்ய முடியாதா? குளிர வைக்கிற ஹீலியம் எல்லாம் யார் வாங்குறது?

காலியம் ஆர்சனைடில், 10 டெஸ்லாவில், இரண்டு மட்டங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி ஏறத்தாழ 200 கெல்வின் வெப்பத்துக்கு நிகர். அறையின் வெப்பம் ஏறத்தாழ 300 கெல்வின். எலக்ட்ரான்கள் வெப்பத்தாலேயே மேல் மட்டத்துக்குத் தாவிவிடும்; நல்ல துல்லியம் வேண்டுமானால் இடைவெளியைவிட வெப்பம் பல மடங்கு குறைவாக இருக்க வேண்டும்.

கிராஃபீனில் எலக்ட்ரான் நிறையற்றதைப் போல ஓடுவதால், அதே புலத்தில் முதல் இடைவெளி 1,300 கெல்வின் அளவுக்குப் பெரியது. 2005-இல் இரண்டு குழுக்கள் கிராஃபீனில் விளைவைக் கண்டன. 2007-இல் அறை வெப்பநிலையிலேயே படிகள் காணப்பட்டன. ஆனால் அதற்குப் பல பத்து டெஸ்லா புலம் தேவைப்பட்டது. அவ்வளவு வலிய காந்தம் ஹீலியத்தைவிட எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. கிராஃபீனின் படிகள் 2, 6, 10 என்ற வரிசையில் வருவதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் நான்கு மடங்கு இருக்கைகள் இருப்பதும், சுழி ஆற்றலில் உள்ள மட்டம் எலக்ட்ரானுக்கும் துளைக்கும் பொதுவாக இருப்பதும் அதற்குக் காரணம்.

முழு எண் மட்டும்தான்னு சொன்னீங்க. ஆனா மூன்றில் ஒரு பங்குன்னும் படிச்சேன். எலக்ட்ரானை வெட்ட முடியுமா?

எலக்ட்ரான் வெட்டப்படுவதில்லை. 1982-இல் டேனியல் சூயி, ஹோர்ஸ்ட் ஸ்டோர்மர், ஆர்தர் கோசார்ட் ஆகிய மூவரும் மிகத் தூய காலியம் ஆர்சனைடு படிகத்தில் நிரப்பு எண் மூன்றில் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒரு படியைக் கண்டார்கள்; ஹால் மின்தடை 77,438 ஓம். கீழ்மட்டத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு இருக்கைகள் காலியாக இருக்கும்போது, இருக்கை நிரம்புவதை வைத்துச் சொன்ன விளக்கம் எதுவும் உதவாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையே இங்கே வேலை செய்கிறது. அந்த நுண்ணிய விசையை மாசுகள் மூடிவிடாமல் இருக்க வேண்டும் என்பதால்தான் மிகத் தூய படிகம் தேவை என்று முன்பு சொன்னேன். ஆனாலும் படிக்கு அகலம் கொடுக்க இங்கேயும் சிறிதளவு மாசு வேண்டும்.

லாஃப்லின் 1983-இல் இந்தக் கூட்டு நிலைக்கு ஓர் அலைச்சார்பை (எல்லா எலக்ட்ரான்களின் நிலையையும் ஒருசேர விவரிக்கும் சூத்திரத்தை) எழுதினார். அதில் எல்லா எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று கருதி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு திரவமாக இயங்குகின்றன. அவருடைய வளையக் கணக்கை இங்கே மறுபடி செய்தால், ஓர் எலக்ட்ரான் மறுவிளிம்புக்குக் கடக்க ஒரு குவாண்டம் பாயம் போதாது, மூன்று வேண்டும். ஒரே ஒரு குவாண்டம் பாயத்தைப் புகுத்தினால், கூட்டம் சற்று விலகி, மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் குறைந்த ஒரு குழி உண்டாகிறது. அந்தக் குழி ஒரு துகளைப் போலவே நகர்கிறது. 1997-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலும் பிரான்சின் சாக்லேயிலும் இரண்டு குழுக்கள் மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து, மின்னூட்டம் உண்மையிலேயே மூன்றில் ஒரு பங்காக வருவதை உறுதி செய்தன. லாஃப்லின், ஸ்டோர்மர், சூயி மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பின்னத்துல கீழ் எண் எப்பவும் ஒற்றைப்படையா வருதே, ஏன்?

இந்தியாவில் பிறந்த ஜைனேந்திர ஜெயின் 1989-இல் இதற்கு ஒரு வழி காட்டினார். ஒவ்வோர் எலக்ட்ரானும் இரண்டு பாயச் சுழல்களைத் தன்னோடு கட்டிக்கொண்டு ஒரு கூட்டுத் துகளாக மாறுகிறது என்று கொண்டால், அந்தக் கூட்டுத் துகள் உணரும் புலம் குறைந்துவிடுகிறது. அது தனக்குரிய மட்டங்களை 1, 2, 3 என்று முழுமையாக நிரப்பும்போது, நமக்கு 1/3, 2/5, 3/7 என்ற பின்னங்கள் தெரிகின்றன. சுழல்கள் இரண்டிரண்டாக ஒட்டுவதால் கீழ் எண் ஒற்றைப்படையாகவே அமைகிறது.

நிரப்பு எண் சரியாகப் பாதியாகும்போது கூட்டுத் துகள் உணரும் புலம் சுழியாகிறது. அங்கே, கீழ்மட்டத்தில், பொதுவாகப் படி தோன்றுவதில்லை. அந்தத் துகள்கள் சாதாரண உலோகத்தில் உள்ளவை போல ஓடுகின்றன. ஹால்பெரின், பாட்ரிக் லீ, நிக்கலஸ் ரீட் மூவரும் 1993-இல் எழுதிய கோட்பாட்டில் எலக்ட்ரானும் துளையும் சமமாக நடத்தப்படவில்லை என்பது ஒரு குறையாகத் தெரிந்தது. டாம் தான் சன் 2015-இல், அந்தத் துகள் கிராஃபீன் எலக்ட்ரானைப் போல நடக்கிறது என்று வேறொரு வடிவம் தந்தார். இரண்டும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன என்பது இன்னும் பேசப்படும் பொருள்.

5/2-ல படி இருக்குன்னு என் நண்பன் சொன்னான். அது ஒற்றைப்படை இல்லையே?

நண்பர் சொன்னது சரி. 1987-இல் அந்தப் படி கண்டுபிடிக்கப்பட்டது. மேலே சொன்ன விளக்கத்துக்குள் அது அடங்கவில்லை. கிரெகரி மூரும் நிக்கலஸ் ரீடும் 1991-இல், கூட்டுத் துகள்கள் மீகடத்தியில் நிகழ்வதைப் போல இணை சேர்கின்றன என்ற ஒரு நிலையை முன்வைத்தார்கள். அது உண்மையானால், அதிலுள்ள துகள்களை ஒன்றையொன்று சுற்றி நகர்த்தும் வரிசையே மொத்த அமைப்பின் நிலையை மாற்றிவிடும். சுற்றிய வரிசையை அமைப்பு நினைவில் வைத்திருக்கும்.

ஆனால் இணை சேரும் விதம் ஒன்றல்ல. கணினிக் கணக்குகள் இரண்டு விதங்களை ஆதரிக்கின்றன. அவற்றில் ஒன்றில் விளிம்பு வெப்பக் கடத்தல் 3.5 குவாண்டம் அளவாகவும் மற்றொன்றில் 1.5 ஆகவும் இருக்க வேண்டும். வைஸ்மன் குழு 2018-இல் வெளியிட்ட அளவீட்டில் வந்ததோ 2.5, அது கணினி ஆதரிக்காத மூன்றாவது விதத்துக்கு உரியது. மாசுகள் படலத்தைப் பல திட்டுகளாகப் பிரித்து நடுமதிப்பைக் காட்டுகின்றனவா, விளிம்பு முழுமையாக வெப்பச் சமநிலை அடையவில்லையா என்று இரண்டு வகையாகவும் வாதங்கள் உள்ளன. என் கருத்தில், கணக்கும் அளவீடும் இவ்வளவு நேருக்கு நேர் முரண்படும் இடம் இந்தத் துறையில் வேறு இல்லை.

அந்தத் துகளை வெச்சு குவாண்டம் கணினி வந்துடுமா?

சுற்றிய வரிசையை நினைவில் வைக்கும் துகள்களில் தகவலைச் சேமித்துக் கணக்கிடலாம் என்ற நம்பிக்கை உண்டு, கருவி இல்லை. மூன்றில் ஒரு பங்கு நிலையில், ஒரு துகள் இன்னொன்றைச் சுற்றும்போது அதன் அலையின் கட்டத்தில் (அலை ஏற்ற இறக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதில்) எழும் மாற்றத்தை 2020-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகக் குழு நேரடியாகக் கண்டது. அதே ஆண்டில் பாரிஸ் குழு ஒன்று துகள்களை மோதவிட்டு அதே இயல்பைக் காட்டியது. அவை எளிய வகைத் துகள்கள். வரிசையை நினைவில் வைக்கும் வகையை, முந்தைய விடையில் சொன்ன நிலையில், ஐயத்துக்கு இடமின்றிக் கட்டுப்படுத்திக் காட்டுவது இன்னும் நிறைவேறவில்லை.

காந்தமே இல்லாம இந்த விளைவு வரும்னு சொல்றாங்களே, அது எப்படி?

டங்கன் ஹால்டேன் 1988-இல், வெளிப்புலம் இல்லாமலே எலக்ட்ரான் அலைகளின் முறுக்கு எண்ணிக்கை சுழியாகாமல் இருக்க முடியும் என்று தாளில் காட்டினார். 2013-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு, குரோமியம் கலந்த பிஸ்மத் ஆண்டிமனி டெலுரைடு படலத்தில், 0.03 கெல்வினில், அதை நேரில் கண்டது. படலத்தின் சொந்தக் காந்தத்தன்மையே வெளிக்காந்தத்தின் வேலையைச் செய்தது.

2023-இல் முறுக்கி அடுக்கிய மாலிப்டினம் டெலுரைடு தாள்களில், புலம் இல்லாமலே பின்னப் படிகளும் தோன்றின. அடுத்து, ஐந்து அடுக்குக் கிராஃபீனை போரான் நைட்ரைடின் மேல் வைத்த அமைப்பிலும் தோன்றின. லாண்டாவ் மட்டம் இல்லாத இடத்தில் எலக்ட்ரான்கள் ஏன் அதே திரவமாகின்றன, குறிப்பாகக் கிராஃபீன் அடுக்குகளில் அவை படிகமாக உறையாமல் திரவமாக நிற்பதை எது முடிவு செய்கிறது என்பவை தீராத கேள்விகள்.

எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. முழு எண் விளைவாவது முழுசா தெரிஞ்சு முடிஞ்சுபோச்சா?

படியின் சமதளம் தெரிந்துவிட்டது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவும் இடம் இன்னும் தெளியவில்லை. குன்று மேடை உவமையில், நடு உயரத்தில் மட்டும் பாதை திறக்கும் என்று சொன்னேன் அல்லவா? அந்த உயரத்தை நெருங்க நெருங்க, சுற்றுப்பாதைகள் எவ்வளவு வேகமாகப் பெரிதாகின்றன என்பதை ஓர் அடுக்கெண் குறிக்கிறது. உவமையை அப்படியே நம்பிக் கணக்கிட்டால் அது 4/3 என்று வரும். அது தவறான விடை. ஏனெனில் இரண்டு குன்றுகளுக்கு இடையிலுள்ள கணவாயில், நடந்து போகும் மனிதரால் முடியாததை எலக்ட்ரான் செய்கிறது. அது ஒரு குன்றின் மேடையிலிருந்து மற்றக் குன்றின் மேடைக்கு ஊடுருவித் தாவுகிறது.

தாவலையும் சேர்த்து, எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கலை மட்டும் விட்டுவிட்டுச் செய்த மிக நுணுக்கமான கணினிக் கணக்குகள் ஏறத்தாழ 2.59 என்ற மதிப்பைத் தருகின்றன. படிகத்தில் அளந்தவர்களுக்கு 2.38 கிடைக்கிறது. விலக்கலைச் சேர்க்காததுதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். கணினி மாதிரியில் கணவாய்களை ஒழுங்கான கட்டங்களாக அடுக்கியதே பிழை, அவற்றை ஒழுங்கின்றி அமைத்தால் 2.37 அளவில் வருகிறது என்று 2017-இல் ஒரு குழு காட்டியது. இவற்றில் எது சரி என்பது முடிவாகவில்லை. ஜான் சாக்கரும் பால் காடிங்டனும் 1988-இல் அமைத்த அந்தக் கணவாய் வலை மாதிரியை ஒரு சாதாரண மடிக்கணினியில், ஐம்பது அறுபது வரி நிரலில் இயக்கிப் பார்க்கலாம். முயல விரும்புபவர்கள் அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியோடு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.